மோஸ்ட் வாண்டட் (2005): நிறை, குறை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ரிச்சி தெருவில் பழைய கேம்பேடுக்குப் பேரம் பேசுகிறவர்கள் முதல் கல்லூரி விடுதிப் பிள்ளைகள் வரை, 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வாண்டட்' என்ற கார் பந்தய வீடியோ கேமைப் பற்றிக் கேட்பது திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே இங்கே தொகுத்திருக்கிறோம். சுலபமானவை முதலில் வரும். ஒரு பதிலில் சொன்னது இன்னொன்றிலும் தேவைப்பட்டால் எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. "மோஸ்ட் வாண்டட்னு ரெண்டு கேம் இருக்கே ப்ரோ, இது எது?"

2005 நவம்பரில் வந்தது. செய்தவர்கள் இஏ பிளாக் பாக்ஸ். ஊர் பெயர் ராக்போர்ட். தொடக்கத்திலேயே நீலமும் வெள்ளியுமாக ஒரு பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் வந்தால் அது இந்த கேம். 2012-இல் அதே பெயரில் கிரைட்டீரியன் செய்தது வேறு கேம். அதில் ஊர் ஃபேர்ஹேவன். கார்களைத் தெருவிலேயே கண்டுபிடித்து ஏறிக்கொள்ளலாம், 2005-இல் இருந்த கதையும் கடையும் அதில் கிடையாது. கீழே சொல்லியிருக்கும் எதுவும் 2012 கேமுக்குப் பொருந்தாது.

2. "தீவுத்திடல்ல ஃபார்முலா 4 நைட் ரேஸ் பார்த்தேன். அந்த மாதிரி ஃபீல் கிடைக்குமா?"

கிடைக்காது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில் நடந்த பந்தயத்தில் எங்கே பிரேக் பிடிக்கிறோம், டயர் எவ்வளவு சூடாகிறது என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. மோஸ்ட் வாண்டட் ஆர்கேட் வகை. டயர் தேயாது, பெட்ரோல் தீராது. சுவரில் முழு வேகத்தில் மோதினாலும் கண்ணாடி விரிசல் விடும், பெயின்ட் உரியும்; இன்ஜின் அப்படியே இருக்கும்.

இதைக் குறையாக நினைக்க வேண்டாம். வண்டி உடையாது என்பதால்தான் போலீஸ் துரத்தலை இவ்வளவு முரட்டுத்தனமாக அமைக்க முடிந்திருக்கிறது. பந்தயத் தடத்தின் நுணுக்கம்தான் வேண்டும் என்றால் சிமுலேஷன் வகைக்குப் போங்கள். இந்த கேமில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான்.

3. "பிளாக்லிஸ்ட் 15 பேர்னா என்ன? அடுத்த ஆள்கூட மோத என்ன பண்ணணும்?"

ஊரின் சட்டவிரோதத் தெருப்பந்தயக்காரர்கள் 15 பேரின் தரவரிசைதான் பிளாக்லிஸ்ட். 15-ஆம் இடத்தில் சன்னி, முதல் இடத்தில் ரேஸர். உங்கள் எம்3-ஐ ஏமாற்றிப் பறித்துக்கொண்டவன் ரேஸர்தான். ஒவ்வொருவராக வென்று மேலே போய் வண்டியை மீட்க வேண்டும். ஒருவரோடு மோதுவதற்கு முன் மூன்று கணக்கு முடிய வேண்டும்: சில பந்தயங்களில் வெற்றி, சில மைல்ஸ்டோன், போதுமான பவுண்ட்டி. மைல்ஸ்டோன் என்பது 'இத்தனை நிமிடம் துரத்தலில் தாக்குப்பிடி', 'இத்தனை தடுப்புகளைத் தாண்டு', 'இவ்வளவு சேதம் உண்டாக்கு' என்பது போன்ற போலீஸ் சம்பந்தப்பட்ட வேலை. பவுண்ட்டி என்பது உங்கள் தலைக்குப் போலீஸ் வைக்கும் விலை.

மூன்றையும் தனித்தனியாக முடிக்கப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஒரே நீண்ட துரத்தலில் மூன்று நான்கு மைல்ஸ்டோனும் பவுண்ட்டியும் சேர்ந்தே முடியும். துரத்தலைத் தொடங்கும் முன் பட்டியலைத் திறந்து எது எது பாக்கி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. "ஆபீஸ் லேப்டாப்தான் இருக்கு, கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஓடுமா?"

ஓடும். 2005-இல் இதற்குக் கேட்டதே 1.4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், 32 எம்பி வீடியோ கார்டு, 3 ஜிபி இடம். இன்றைய சாதாரண லேப்டாப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ரொம்பப் பழைய மெஷினில் திணறினால் முதலில் நிழலைக் குறையுங்கள், அடுத்து காரில் விழும் பிரதிபலிப்பை. உலகத்தின் விவரத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அதைக் குறைத்தால் தூரத்து வளைவு தாமதமாகத் தெரிய ஆரம்பிக்கும், பந்தயமே கெடும். பிரேம் ரேட்டை 60-க்குப் பூட்டிவிடுவது நல்லது. மே மாத வெயிலில் லேப்டாப் கொதிப்பதும் அதனால் குறையும்.

5. "எங்க வாங்கறது? 500 எம்பி ஃபைல் ஒண்ணு சுத்துதே, அது ஓகேவா?"

டிஜிட்டல் கடைகளில் இது இப்போது விற்பனையில் இல்லை. கிடைத்தால் பழைய ஒரிஜினல் வட்டுதான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிசி வட்டில் இருக்கும் நகல் தடுப்பு ஒரு பழைய டிரைவர் மென்பொருளை நம்பியிருக்கிறது, அந்த மென்பொருளை விண்டோஸ் 10-இலிருந்து மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அதனால் இன்ஸ்டால் ஒழுங்காக முடிந்தும் கேம் திறக்காமல் போகலாம். விண்டோஸ் எக்ஸ்பி இருக்கும் பழைய மெஷின் வீட்டில் இருந்தால் அதில் தொல்லை இல்லை. பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் 360 வட்டுகளுக்கும் இந்தப் பிரச்சினை கிடையாது. ஆனால் வட்டின் ரீஜன் உங்கள் கன்சோலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் பெரும்பாலும் பரவாயில்லை, வட்டத்தோடு சேர்ந்து வளைந்து ஓடும் கீறல் ஆபத்து.

அந்த 500 எம்பி ஃபைலைத் தொடாதீர்கள். அது திருட்டு நகல். 3 ஜிபி கேமை அந்த அளவுக்குச் சுருக்க வேண்டுமென்றால் வீடியோவையும் பாட்டையும் வெட்டியிருப்பார்கள். வீடியோ வர வேண்டிய இடத்தில் கேம் உறைந்து நிற்கும். கூடவே என்ன வைரஸ் வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

6. "கார் எல்லாம் தட்டையா, இழுத்து வச்ச மாதிரி தெரியுது."

கேம் 4:3 திரைக்காகச் செய்தது. உங்கள் திரை 16:9. மெனுவில் அகலத் திரை அளவே இல்லாததால் படத்தை இழுத்துக் காட்டுகிறது. ரசிகர்கள் செய்த 'வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ்' என்ற இணைப்பு இதைச் சரிசெய்யும். அதில் ஒரு டிஎல்எல் கோப்பும் ஒரு ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். இரண்டையும் கேமின் இயக்கக் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் போட வேண்டும். உள்ளே இன்னொரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்தால் வேலை செய்யாது. 'போட்டேன், ஒன்றும் மாறவில்லை' என்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். இன்னும் மாறவில்லை என்றால் ஆன்டிவைரஸ் அந்த டிஎல்எல்லைத் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

7. "ரிச்சி ஸ்ட்ரீட்ல கேம்பேட் வாங்கினேன் அண்ணா. ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் ஒண்ணா அழுத்தினா ரெண்டுமே வேலை செய்யல."

கேம்பேடில் குறை இல்லை. பழைய டைரக்ட் இன்புட் முறையில் எக்ஸ்பாக்ஸ் வகை கேம்பேடின் இரண்டு ட்ரிகரும் ஒரே அச்சாகப் பதிவாகின்றன. ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். இரண்டையும் அழுத்தினால் பூஜ்யம். ஆறாவது பதிலில் சொன்ன இணைப்பின் அமைப்புக் கோப்பில் கேம்பேட் ஆதரவை மேம்படுத்தும் வரி இருக்கிறது, அதை இயக்குங்கள். இல்லையென்றால் பிரேக்கை ட்ரிகரிலிருந்து எடுத்து ஒரு பட்டனுக்கு மாற்றுங்கள்.

பழைய கேம்பேட் வாங்கும்போது கடையிலேயே யூஎஸ்பியில் செருகச் சொல்லி, ஸ்டிக்கைத் தொடாமல் வைத்துத் திரையில் அச்சு நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் நேர்ச்சாலையில் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். கீபோர்டில் ஆடுகிறவர்களுக்கும் இதே போன்ற ஒரு தொல்லை உண்டு: மலிவான கீபோர்டுகள் சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவதை விழுங்கிவிடும். ஆக்ஸிலேட்டர், இடது, நைட்ரோ (கொஞ்ச நேரம் கூடுதல் வேகம் தருவது) மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். நைட்ரோ வரவில்லை என்றால் அதை வேறு விசைக்கு மாற்றுங்கள்.

8. "கரண்ட் போச்சு, சேவும் போச்சு. திரும்ப எடுக்க முடியுமா?"

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருந்தால் மீட்பது கடினம். கேம் தானாகச் சேமிக்கிறது, ஆனால் ஒரே கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதுகிறது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் 'என்எஃப்எஸ் மோஸ்ட் வாண்டட்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு பிளாக்லிஸ்ட் ஆளை வென்றதும் அதை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். அரை நிமிட வேலை. கோடையில் அடிக்கடி கரண்ட் போகும் பகுதியில் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யூபிஎஸ் இல்லாமல் நீண்ட துரத்தலில் இறங்க வேண்டாம்.

9. "முதல் கார் எது எடுக்கறது மச்சி?"

தொடக்கத்தில் செவர்லே கோபால்ட், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், லெக்சஸ் ஐஎஸ்300, ஃபியட் புன்டோ என நான்குதான். கோபால்ட் எடுங்கள். இழுவை நன்றாக இருக்கிறது, நேர்ச்சாலையில் நிற்கிறது. கோல்ஃபை விலை கொடுத்து வாங்க வேண்டாம், சன்னியிடமிருந்து இலவசமாகவே கிடைக்க வாய்ப்பிருக்கிறது (18-ஆம் பதிலைப் பாருங்கள்).

10. "ஸ்பீட் பிரேக்கர்னு ஒரு பட்டன் போட்டிருக்கு. ரோட்ல இருக்கற மேடா?"

நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் வரும் குழப்பம் இது. இங்கே அது நேரத்தை மெதுவாக்கும் பட்டன். அழுத்தினால் உலகம் மெதுவாகும், உங்கள் திருப்பம் கூர்மையாகும். வளைவைத் தவறவிடப் போகிறோம் என்று தெரிந்ததும் ஒரு நொடி தட்டினால் போதும், மூக்கு உள்ளே திரும்பிவிடும். மீட்டர் காலியாகும்வரை அழுத்திப் பிடிப்பது வீண். வேகமாக ஓட்டினால் மீண்டும் நிரம்பும்.

11. "ஃபுல்லா லீட்ல இருந்தேன். கடைசி லேப்ல ஒரே ஒரு லாரில மோதினேன், அஞ்சு செகண்ட்ல எல்லாரும் தாண்டிட்டானுங்க. சீட்டிங் இல்லையா?"

இந்த கேமின் பெரிய குறை இதுதான். ஆங்கிலத்தில் ரப்பர் பேண்ட் என்பார்கள். நீங்கள் முன்னால் போகப் போக எதிராளிகளின் வேகம் கூட்டப்படுகிறது; பின்தங்கினால் குறைக்கப்படுகிறது. எப்போதும் யாராவது உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நோக்கம். அதனால் ஒவ்வொரு பந்தயமும் கடைசிவரை பரபரப்பாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் முதல் இரண்டு லேப்பில் நீங்கள் சேர்த்த திறமைக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. காசு போட்டு இன்ஜினை ஏற்றினாலும் எதிராளியும் கூடவே ஏறுகிறான். உழைப்பைக் கணக்கில் எடுக்காத விதி எந்த விளையாட்டிலும் நல்ல விதி இல்லை.

இதை மாற்ற முடியாது, இதற்கேற்ப ஆடலாம். தொடக்கத்தில் செய்யும் பிழை மன்னிக்கப்படும், கடைசியில் செய்வது மன்னிக்கப்படாது. ஆகவே முதல் பாதியில் நைட்ரோவைத் தாராளமாகச் செலவழித்து முன்னிலை பிடிப்பதில் பயன் இல்லை. பாதையைக் கவனியுங்கள், குறுக்குவழிகளை மனதில் வையுங்கள், இரண்டாம் மூன்றாம் இடத்தில் இருந்தாலும் பதறாதீர்கள். நைட்ரோவையும் ஸ்பீட் பிரேக்கரையும் முழுதாக நிரப்பிக்கொண்டு கடைசி லேப்புக்குள் நுழையுங்கள். கடைசி அரை லேப்பில் ஓரத்து லேனில் போங்கள், எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே புகுந்து நேரம் மிச்சம் பிடிக்க முயலாதீர்கள். நண்பர்களோடு நியாயமாகப் பந்தயம் வைக்க வேண்டுமென்றால் குயிக் ரேஸில் 'கேட்ச் அப்' என்ற அமைப்பை அணைத்துவிடலாம். கேரியரில் (பிளாக்லிஸ்ட் கதை ஓடும் ஆட்டம்) அந்த வசதி இல்லை.

12. "எவ்ளோ அப்கிரேட் பண்ணாலும் வண்டி வளைவுல வெளிய ஓடுது."

பந்தயத்தின்போது நிறுத்தினால் பெர்ஃபாமன்ஸ் ட்யூனிங் என்று சில நகர்த்திகள் வரும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஹேண்ட்லிங்கை ஒரு பக்கம் நகர்த்தினால் பின்பக்கம் சறுக்கித் திரும்பும், மறுபக்கம் நகர்த்தினால் பிடித்து நிற்கும். வெளியே ஓடும் வண்டிக்குச் சறுக்கும் பக்கம் இரண்டு படி, ஸ்டீயரிங் ஒரு படி கூர்மை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கடைசிவரை தள்ளாதீர்கள், எது என்ன செய்தது என்றே தெரியாமல் போகும். நெடுஞ்சாலைப் பந்தயத்துக்கும் ஊருக்குள் ஓடும் பந்தயத்துக்கும் ஒரே அமைப்பு சரிவராது.

13. "டிராக், டோல்பூத், ஸ்பீட்ட்ராப் மூணுலயும் தோக்கறேன்."

டிராக் என்ற நேர்ச்சாலைப் பந்தயத்தில் கியர் நீங்கள்தான் மாற்ற வேண்டும். முள் பச்சைக்கு வந்ததும் மாற்றுங்கள். சிவப்பிலேயே விட்டால் இன்ஜின் வெடிக்கும். ஸ்டீயரிங் லேன் மாற்ற மட்டும்தான். வண்டியில் மோதினால் அங்கேயே ஆட்டம் முடிந்தது, அதனால் முன்னால் ஓடும் ஆளைப் பார்க்காமல் அவனுக்கு முன்னால் போகும் போக்குவரத்தைப் பாருங்கள். டோல்பூத் தனி ஓட்டம். ஒரு சாவடியில் மிச்சம் பிடித்த நேரம் அடுத்ததற்குச் சேரும், முதல் சாவடிகளில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். 11-இல் சொன்னதற்கு நேர் எதிர்.

ஸ்பீட்ட்ராப்பில் கேமராவைக் கடக்கும் வேகங்களின் கூட்டுத்தொகைதான் மதிப்பெண். நைட்ரோவைக் கேமராவுக்குச் சற்று முன் திறக்க வேண்டும், கேமராவின் மேல் அல்ல. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஒருவர் எல்லையைத் தொட்டதும் பின்னால் வருபவர்களின் புள்ளி குறையத் தொடங்கும். ஆகவே கடைசி கேமராவைத் தாண்டிய பிறகு நிதானிக்கக் கூடாது.

14. "போலீஸ்கிட்டேந்து தப்பிக்கவே முடியல. ஹீட் 4, 5 வந்தா அவ்ளோதான்."

இந்த கேமின் பெருமையே போலீஸ் துரத்தல்தான். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இதைத் தேடி ஆட வைப்பது இந்தப் பகுதி. ஹீட் (போலீஸ் உங்களைத் துரத்தும் தீவிரத்தின் அளவு) ஏற ஏற எதிரில் வருவதும் மாறும்: முதலில் சாதாரண ரோந்து வண்டி, பிறகு நேருக்கு நேர் மோத வரும் பெரிய எஸ்யூவி, சாலையில் ஆணிப்பட்டை, மேலே ஹெலிகாப்டர், ஐந்தாம் ஹீட்டில் வேகமான கார்வெட்டுகள், அவற்றோடு உங்களைப் பிடிக்கத் துடிக்கும் போலீஸ் அதிகாரி சார்ஜென்ட் கிராஸ். ரேடியோவில் போலீஸ் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கே தடுப்பு போடுகிறார்கள், எப்போது ஆணிப்பட்டை வருகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். பாட்டு சத்தத்தைக் குறைத்து ரேடியோவைக் கூட்டி வைப்பது எந்த அப்கிரேடையும் விட உதவும்.

வெறும் வேகத்தால் தப்பிக்க முடியாது. துரத்தும் வண்டிகளுக்கும் 11-இல் சொன்ன ரப்பர் பேண்ட் உண்டு. வரைபடத்தில் சிவப்பு முக்கோணமாகத் தெரியும் இடங்களை நோக்கி ஓட்டுங்கள்: பெட்ரோல் பங்க் கூரை, தண்ணீர்த் தொட்டி, கடையின் மேல் நிற்கும் ராட்சத டோனட். தாங்குகம்பத்தை இடித்துக்கொண்டு போனால் பின்னால் வரும் கூட்டத்தின் மேல் விழும். கூட்டம் நெருங்கி வரும்போது இடித்தால்தான் பலன். தனியாக ஓடும்போது இடித்தால் வீண். அடுத்து திரையில் உதவிப்படை வர எத்தனை நொடி என்று ஓடும் எண்ணைக் கவனியுங்கள். இருக்கும் வண்டிகள் எல்லாம் நொறுங்கி, அடுத்த படை வர இன்னும் நேரம் இருக்கிறது என்ற இடைவெளிதான் உங்கள் வாய்ப்பு. அப்போது நெடுஞ்சாலையை விட்டு இறங்கி இரண்டு மூன்று திருப்பம் போட்டுவிடுங்கள்.

தப்பிக்கும் பட்டை நிரம்பி கூல்டவுன் (போலீஸ் தேடலைக் கைவிடும்வரை ஓடும் நேரம்) தொடங்கியதும் வரைபடத்தில் ஒளியும் இடங்கள் தெரியும். பக்கத்தில் இருப்பதற்குப் போய் நின்றுவிடுங்கள், கூல்டவுன் வேகமாக முடியும். தூரத்தில் இருப்பதைத் தேடி ஓடினால் ரோந்து வண்டி எதிரில் வந்து எல்லாம் முதலிலிருந்து. ஹெலிகாப்டர் இருந்தால் சுரங்கப்பாதை, பாலத்தின் அடி. எரிபொருள் தீர்ந்தால் அதுவே திரும்பிவிடும்.

15. "தடுப்புல மோதினா வண்டி அப்படியே நிக்குது. உடனே புடிச்சுடறான்."

நடுவில் மோதுகிறீர்கள். குறுக்கே நிற்கும் போலீஸ் வண்டியின் பின்பாதியைக் குறி வையுங்கள். இன்ஜின் இருக்கும் முன்பாதி கனமானது, டிக்கி பக்கம் லேசானது. தடுப்பு கண்ணில் பட்டதும் ஆக்ஸிலேட்டரை விடாதீர்கள். பத்துப் பதினைந்து மீட்டர் இருக்கும்போது ஸ்பீட் பிரேக்கரை ஒரு தட்டு, மூக்கை பின்சக்கரத்துக்கு நேராக வைத்து விடுவித்து நைட்ரோ. வண்டி சுழன்று வழி விடும். இரண்டு வண்டிக்கு நடுவே ஒரே ஒரு இடைவெளி தாராளமாகத் திறந்திருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். ஆணிப்பட்டை அங்கேதான் கிடக்கும். வண்டியை இடித்துப் போவதே மேல்.

எஸ்யூவி நேராக வந்தால் அதன் பாதையிலேயே போய்க் கடைசி நொடியில் விலகுங்கள். சீக்கிரம் விலகினால் அதுவும் உங்களோடு திரும்பும்.

16. "பஸ் ஸ்டாண்டுல பஸ் மேல ஏறி நின்னா போலீஸ் ஒண்ணும் பண்ண முடியாதாமே?"

உண்மைதான். பேருந்து நிலையத்தில் ஒரு சரிவிலிருந்து எகிறினால் வரிசையாக நிற்கும் பேருந்துகளின் கூரையில் ஏறலாம். கோயம்பேட்டில் வரிசை கட்டி நிற்கும் பேருந்துகளின் மேல் கார் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் கீழே சுற்றிக்கொண்டே இருக்கும், உங்கள் பவுண்ட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கேமின் ஓட்டை இது. பவுண்ட்டி போதாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவும். ஆனால் முதல் முறை ஆடுகிறவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 14-இல் சொன்னதைக் கற்றுக்கொள்ளாமல் இதை வைத்தே மேலே போனால் கடைசித் துரத்தலில் (23) கை நடுங்கும்.

17. "மூணு தடவை மாட்டினா கார் போயிடுமா?"

போய்விடும். மாட்டும் ஒவ்வொரு முறையும் அபராதத்தோடு அந்தக் காருக்கு ஒரு ஸ்ட்ரைக், மூன்றானால் பறிமுதல். ஸ்ட்ரைக்கும் ஹீட்டும் காருக்குக் கார் தனி. ஆகவே குறைந்தது இரண்டு கார் வைத்திருங்கள்: பந்தயத்துக்கு ஒன்று, போலீஸ் வேலைக்கு ஒன்று. ஹீட் ஏறிய காரைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்து மற்றதை ஓட்டினால் ஹீட் இறங்கும். அவசரமென்றால் பெயின்ட், சக்கரம், பாடி கிட் மாற்றினாலும் இறங்கும். கையில் இருக்கும் பணத்தை எல்லாம் பாகங்களில் கொட்டிவிட்டுத் துரத்தலில் இறங்காதீர்கள். காரும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலைக்கு வந்தால் கேரியரே முடிந்துவிடும்.

18. "ஜெயிச்சதும் ஆறு மார்க்கர் காட்டறான், ரெண்டு எடுக்கச் சொல்றான். பிங்க் ஸ்லிப் எதுல இருக்கு?"

மார்க்கர் என்பது பரிசு. ஆறில் மூன்று என்ன என்று வெளிப்படையாகத் தெரியும், மூன்று மறைத்து வைத்தவை. எதிராளியின் காரை உங்களுக்குக் கொடுக்கும் பிங்க் ஸ்லிப் மறைந்த மூன்றில் ஒன்று. இரண்டு வாய்ப்பையும் அங்கேயே போட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. கார் வராவிட்டாலும் பணமோ, பறிமுதலிலிருந்து விடுதலையோ, கூடுதல் ஸ்ட்ரைக் கட்டமோ வரும். எதுவும் வீண் இல்லை.

எப்போது காருக்குப் போக வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. 6-ஆம் இடத்து மிங்கின் கல்லார்டோவுக்கும் 5-ஆம் இடத்து வெப்ஸ்டரின் கார்வெட்டுக்கும் இரண்டையும் போடலாம். நடுவில் வருபவர்களிடம் ஒன்றை மறைந்ததிலும் ஒன்றைச் செயல்திறன் மார்க்கரிலும் பிரித்துப் போடுங்கள். அந்தச் சிறப்புப் பாகங்களை ஒரே ஒரு காரில், ஒரே ஒரு முறைதான் பொருத்த முடியும். கோபால்டில் போட்டுவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

19. "பாதிக்கு மேல ஒரே மாதிரி இருக்கே. எனக்கு மட்டும்தான் போர் அடிக்குதா?"

இல்லை, எல்லோருக்கும்தான். ஆறு வகைப் பந்தயம், ஒரே ஊர், ஒரே சாலைகள். எட்டாவது ஒன்பதாவது ஆள் வரும்போது நீங்கள் எல்லா வளைவையும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருப்பீர்கள். மைல்ஸ்டோன்கள் எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்ப வருகின்றன. முந்தைய அண்டர்கிரவுண்ட் கேம்களில் இருந்த டிரிஃப்ட் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள், அது இருந்திருந்தால் ஒரு மாற்றமாவது கிடைத்திருக்கும். எதிராளிகளும் தொடக்கத்தில் ஒரு சிறு அறிமுகத்தோடு சரி. 12-ஆம் இடத்து இஸ்ஸிக்கும் 8-ஆம் இடத்து ஜூவல்ஸுக்கும் ஓட்டும் விதத்தில் வேறுபாடே கிடையாது.

தேவைக்கு மேல் பந்தயம் ஆடாமல் இருப்பதுதான் வழி. ஒரு ஆளுக்கு ஐந்து வெற்றி போதும் என்றால் ஐந்தோடு நிறுத்துங்கள். பந்தயத்துக்கு ஊர் முழுக்க ஓட்டிப் போகவும் தேவையில்லை, மெனுவிலிருந்தே தொடங்கலாம். மிச்ச நேரத்தைத் துரத்தலில் செலவிடுங்கள்.

20. "ஏன் எல்லாமே மஞ்சளா இருக்கு? நைட்டே வராதா?"

வராது. எப்போதும் இலையுதிர்காலப் பகல்தான், இடையிடையே மழை. மஞ்சள் நிறம் வேண்டுமென்றே பூசியது. வீடியோ அமைப்பில் விஷுவல் ட்ரீட்மென்டைக் குறைத்தால் மஞ்சள் குறையும். ஆனால் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: மழை விட்டதும் ஈரச் சாலையில் சாய்வெயில் பட்டு எதிர் வண்டியின் நிழல் நீளமாக விழும் காட்சி, அந்தப் பூச்சு இருந்தால்தான் வரும்.

21. "பையனுக்கு 12 வயசு சார். இதை ஆடி ஆடி நிஜத்துலயும் இப்படி ஓட்ட ஆரம்பிச்சுடுவானோ?"

அமெரிக்கத் தரப்படுத்தலில் இது பதின்ம வயதினருக்கானது. ரத்தம் கிடையாது, பாதசாரிகளும் கிடையாது. ஆனால் போலீஸிடமிருந்து தப்பிப்பதும் வண்டிகளை நொறுக்குவதும்தான் இதன் சாரமே. கூட உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

இதை ஆடினால் கார் ஓட்ட வராது. இந்த கேமில் மணிக்கு 200 கிலோமீட்டரில் ஹேண்ட்பிரேக் இழுத்தால் வண்டி அழகாகத் திரும்பும். ஓஎம்ஆரில் 60-இல் இழுத்தாலே பின்சக்கரம் பூட்டி வண்டி சுழன்றுவிடும். இந்த ஒரு வித்தியாசத்தையாவது பையனுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வேகத்தில் உண்மையான ஆசை இருந்தால், வயது வந்ததும் முறையான பயிற்சிக்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடமே இருக்கிறது.

22. "மொபைல்ல இதே கேம் கிடைக்குமா?"

இதே கேம் கிடையாது. 'மோஸ்ட் வாண்டட்' என்று ஸ்மார்ட்ஃபோனில் வந்தது 2012 கேமின் பெயரில் செய்தது. பிஎஸ்பி கருவிக்கு '5-1-0' என்று ஒரு பதிப்பு வந்தது, அதில் ஊரைச் சுதந்திரமாகச் சுற்ற முடியாது. அப்படியென்றால் 14-இல் சொன்னதில் பாதி இல்லை.

23. "ரேஸரை ஜெயிச்சாச்சு. அதுக்கப்புறம் வர சேஸ்ல எவ்ளோ ஓடினாலும் முடிய மாட்டேங்குது. பக்-ஆ?"

பக் (கேமின் பிழை) இல்லை. எம்3 கைக்கு வந்ததும் தொடங்கும் கடைசித் துரத்தலில் வழக்கம்போல ஒளிந்து தப்பிக்க முயலாதீர்கள். கதையில் உங்களுக்கு உதவும் மியாவிடமிருந்து அழைப்பு வரும்வரை மாட்டாமல் இருப்பது மட்டும்தான் வேலை. அதுவரை நீண்ட நெடுஞ்சாலைச் சுற்றில் ஓடுங்கள். குறுகிய தெருக்களில் எஸ்யூவி சுவரோடு அழுத்திவிடும். சிவப்பு முக்கோணங்களை இப்போதே எல்லாம் இடித்துத் தீர்க்காதீர்கள், இரண்டையாவது மிச்சம் வையுங்கள்.

அழைப்பு வந்ததும் பழைய உடைந்த பாலம் வரைபடத்தில் குறிக்கப்படும். பாலத்துக்குப் போகும் சாலையில் திரும்பும் முன் ஒரு முக்கோணத்தை இடித்துப் பின்னால் வருபவர்களை உதறுங்கள். நைட்ரோவை ஏறுமுகம் வரும்வரை தொடாதீர்கள். விளிம்புக்கு நேராக, திருப்பம் இல்லாமல், முழு வேகத்தில் போக வேண்டும். கடைசி நொடியில் ஸ்டீயரிங்கைத் தொட்டால் வண்டி காற்றில் சாய்ந்துவிடும்.